பிளஸ் டூ மாணவியின் அமெரிக்கக் கல்லூரிக் கட்டுரை: நான் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: ஆங்கில வாத்தியார், திருப்பூர்

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். லீவு லெட்டரிலிருந்து ஆண்டு விழா வரவேற்புரை வரை எல்லாவற்றையும் திருத்தியாயிற்று. இது மட்டும் பிடிபடவில்லை.

என் வகுப்பு மாணவி ஒருத்தி அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறாள். அம்மா ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அதாவது துணி ஓரம் பிரியாமல் தைக்கிறவர். அப்பா இல்லை. அதனால் வெளிநாட்டு மாணவர்களிடமும் வருமானத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவையான பணத்தையும் கொடுக்கிற ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி இடங்களாகத்தான் போடுகிறாள். கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அவளுக்கே தெரியும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் என்ற ஆன்லைன் விண்ணப்பத்தில் 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் எல்லாம் போயாக வேண்டும்.

எழுதிக் கொண்டு வந்தாள். அப்துல் கலாம் சொன்ன கனவில் ஆரம்பம். அப்புறம் வறுமை, அம்மாவின் தியாகம், என்.எஸ்.எஸ். முகாமில் மரக்கன்று நட்டது. முடிவில் நாட்டுக்குச் சேவை. பிழை நான்கே நான்கு. பரீட்சையில் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போடுவேன். ஆனால் பேப்பரை மூடியதும், இதை எழுதியது அவள்தான் என்று சொல்ல ஒரு வரிகூட நினைவில் நிற்கவில்லை. நானே உட்கார்ந்து மாற்றி எழுதித் தரலாமா? ஒரு கன்சல்டன்சியில் முப்பதாயிரம் கேட்கிறார்கள், அதற்கு வழியில்லை.

பதில் 1: எடிசன், நியூ ஜெர்சி

சார், அந்தத் தொண்ணூற்றைந்தில்தான் சிக்கலே. முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று நாம் எல்லோரும் பழகிய கட்டுரை அது. யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அங்கே படிக்கிறவர் ஒரு நாளில் எத்தனையோ விண்ணப்பங்களைப் புரட்டுகிறார். அவருக்குக் கலாமைத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் மாணவியைத் தெரிந்தால் போதும்.

இங்கே சனிக்கிழமைகளில் நூலகத்தில் நம் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன், எட்டு வருடமாக. முதல் வருடம் செய்த தப்பைச் சொல்கிறேன். அண்ணன் மகன் கட்டுரையை "கொஞ்சம் சரி பண்ணித் தருகிறேன்" என்று வாங்கி, ஒரே ராத்திரியில் முழுதாக மாற்றிவிட்டேன். அருமையாக வந்ததாக எனக்கு நினைப்பு. அவன் பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் படித்துவிட்டு, "இதை எழுதினவருக்கு நாற்பது வயது இருக்கும் போலிருக்கிறதே" என்றாராம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு பிள்ளைகள் பேப்பரில் பேனா வைப்பதே இல்லை. பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போடுவேன்.

எழுதித் தராதீர்கள், கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு. லட்சியம், முன்மாதிரி என்று ஆரம்பித்தால் மறுபடியும் கலாம்தான் வருவார். "நேற்று ராத்திரி அம்மா வேலை விட்டு வந்து என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பதிலில் எங்கே வேகமாகப் பேசுகிறாளோ, அங்கே நிறுத்தி அதையே இன்னும் கேளுங்கள்.

மரக்கன்று, பரிசு, முகாம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் தனியாக இடம் இருக்கிறது. பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துக்குள் விவரம். அவற்றைக் கட்டுரையில் திரும்ப எழுதினால் இடம்தான் வீண். குடும்பக் கஷ்டத்தை உங்கள் சிபாரிசுக் கடிதத்தில் நீங்கள் சொல்லுங்கள். வாத்தியார் சொன்னால் அது விவரம், அவளே சொன்னால் முறையீடு மாதிரி ஆகிவிடும். கட்டுரைக்குக் கொடுத்திருக்கிற ஏழு கேள்விகளில் எதை எடுப்பது என்றும் இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏழாவது, எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான்.

பதில் 2: சேலத்து அப்பா

கன்சல்டன்சி பக்கமே போகாதீங்க சார். போன வருஷம் என் பையனுக்குக் கட்டினேன். அவன் கட்டுரையும் அதே பேட்சில் இன்னொரு பையன் கட்டுரையும் ஒரே மாதிரி ஆரம்பம்: மழை, ஜன்னல், பாட்டி. எங்க அம்மா அவன் பிறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க.

பதில் 3: இரண்டாம் ஆண்டு மாணவன், மாசசூசெட்ஸ்

சார், நானும் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான். எடிசன் அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கஷ்டத்தை அவள் சொல்லவே கூடாது என்றில்லை, ஒரு வரியில் போகிற போக்கில் வந்தால் போதும். நான் எழுதியது டவுன் பஸ் பற்றி. எங்கள் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த டைம்டேபிள் எப்போதுமே தப்பு. அதனால் பஸ் உண்மையில் எப்போது வருகிறது என்று பதினோரு மாதம் நோட்டில் குறித்து, நானே ஒன்று எழுதி ஒட்டினேன். கண்டக்டர் அதைக் கிழித்துப் போட்டது வரை எழுதினேன். வீட்டில் வண்டி இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு விஷயம். அவர்களுக்கு ஓவர்லாக் என்றால் என்னவென்று தெரியாது. விளக்கப் பத்தி வேண்டாம், அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விடச் சொல்லுங்கள். சாட்ஜிபிடியில் போட்டு மெருகேற்றவும் விடாதீர்கள். ஏஐ எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பதைக் காமன் ஆப் விதிகளே மோசடியில் சேர்த்திருக்கின்றன. அது போக, கொஞ்சம் தத்தக்கா பித்தக்கா ஆங்கிலம் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றிங்க. மேடம் சொன்னபடி ரெக்கார்டரை வைத்துக் கேட்டேன். முதல் இருபது நிமிடம் "ஒண்ணும் இல்ல சார்", "நல்லா இருக்கேன் சார்". அப்புறம் ஊசிக் கதை வந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம்.

ஏற்றுமதிக் கம்பெனியில் மெஷினில் ஊசி உடைந்தால் புது ஊசி சும்மா கொடுக்க மாட்டார்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, சேர்த்து வைத்து, ஒரு நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆவது? ஒருநாள் அவள் அம்மாவின் ஊசி மூன்றாக உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தேடினார்கள். அவர் தைத்த பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். தைத்த பீஸுக்குத்தான் கூலி என்பதால் அவருக்கு அன்றைய சம்பாத்தியம் போயிற்று. ராத்திரி வீட்டில் இவள் சேலையை உதறி மடிக்கும்போது முந்தானை ஓரத்தில் விரலில் குத்தியிருக்கிறது. அந்த முனைதான். அம்மா அதைக் காலண்டர் தாளில் மடித்து, டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டு போய், மறுநாள் காலையில் நோட்டில் ஒட்டினாராம்.

இதைச் சொல்லும்போது பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் "இன்னைக்கு என்ன உடைஞ்சுது?" என்று அம்மாவிடம் கேட்பாளாம். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் அளவு ஒத்துவராதபோது மற்றவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். இவள் மட்டும் பியூரெட்டைக் கழுவி மறுபடி ஆரம்பிப்பாள். அதை நான் அடம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது 910 வார்த்தை இருக்கிறது. எங்கே வெட்டுவது?

எடிசன், நியூ ஜெர்சி

ஊசி உடைகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் போகட்டும். காலண்டர் தாளைத் தொடாதீர்கள். லேப் பத்திக்கு ஐந்து வரி போதும். வெட்டுவதையும் அவள்தான் வெட்ட வேண்டும், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காது சொல்லிவிடும்.

கேள்வி கேட்டவர்

நேற்று சப்மிட் செய்துவிட்டாள். 648 வார்த்தை. கடைசி வரியில் சேவை மட்டும் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். "அது நெஜமாவே வேணும் சார்" என்றாள். விட்டுவிட்டேன்.