மறு: 'லாக்' – கட்டையா, பூட்டா, ஏடா?

> 'லாக்' என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் புரிகிறதே.

அன்பர்களுக்கு வணக்கம். கணினியில் நடப்பதையெல்லாம் வரிசையாக எழுதிவைக்கும் 'லாக்' (log) என்ற ஏட்டுக்குத் தமிழ்ச் சொல் எது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

புரிகிறதா? ராயபுரத்தில் என்னிடம் கணினி கற்க வரும் பையனிடம், "வழங்கி (சர்வர்) ஏன் நின்றது என்று லாக்கைப் பார்" என்றேன். அவன் குனிந்து, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். அவன்மேல் பிழையில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் பூட்டும் லாக், பதிவேடும் லாக். போதாததற்கு, கணக்கு வகுப்பில் மடக்கையும் (லாகரிதம்) லாக். அது கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கணித அறிஞர் நேப்பியர் ஆக்கி, 1614-இல் வெளியிட்ட பெயரின் சுருக்கம். நம் லாக்குக்கு உறவே இல்லை.

> மூலப்பொருள் 'கட்டை' என்பதால் 'கட்டைப்பதிவு' எனலாம்.

மூலம் சரிதான். பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகையானது; நீரில் நிமிர்ந்து நிற்க வளைந்த விளிம்பில் ஈயம் பதித்தார்கள். பலகை ஏறக்குறைய வீசிய இடத்திலேயே நிற்கும், கப்பல் விலகிப் போகும், கயிறு அவிழும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் ஓய்வதற்குள் கையைக் கடந்த முடிச்சுகள் எத்தனையோ, அத்தனை கடல்மைல், ஒரு மணிக்கு. கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்பது அந்த முடிச்சுதான். எண்ணியதை எழுதிய புத்தகம் லாக்புக் ஆயிற்று. பிறகு கட்டை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

ஆங்கிலேயருக்கே மறந்துபோன கட்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'கட்டைப்பதிவு' என்று காசிமேட்டில் சொல்லிப் பாருங்கள், மரக்கடை ரசீது என்பார்கள். (அதே கரையில் கட்டைகளைப் பிணைத்துச் செய்த கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், இன்று அங்கே இரட்டை உடல் படகைக் குறிக்கிறது. கடன் வாங்கிய சொல்லை அவர்கள் எவ்வளவு தாராளமாகக் கையாள்கிறார்கள் பாருங்கள்.) 'வெப்லாக்' 1997-இல் பிறந்து, 1999-இல் 'பிளாக்' என்று குறுகியது. நாம் அதை வலைப்பூ என்றோம். கட்டை அதில் எங்கே இருக்கிறது?

> 'பதிவு' போதாதா?

போதாது. பத்திரப் பதிவு, திருமணப் பதிவு, ஒலிப்பதிவு, வலைப்பதிவு என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். 'நடப்பேடு' என்ற சொல் எனக்கு முதலில் பிடித்தது. ஆனால் வங்கியின் நடப்புக் கணக்கு நினைவுக்கு வந்து கெடுக்கிறது.

லாக்கின் குணம் என்ன? நடந்தது நடந்த வரிசையில், நடக்கும்போதே, நேரத்தோடு ஏறும். பின்னால் வந்து அழகுபடுத்துவதில்லை. மாலுமி எழுதினாலும் வழங்கி எழுதினாலும் இதுதான் முறை. பெரம்பூரில் 1709-இல் பிறந்து புதுச்சேரிக்குப் போன ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் உண்டு. ஆனாலும் 'நாட்குறிப்பு' இதற்குப் பொருந்தாது. வழங்கி ஒரு விநாடிக்குள் நூறு வரி எழுதிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது 'நிகழேடு'. ஊறுகாய் போல வினைத்தொகை: நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் ஏடு. முக்காலமும் உள்ளே அடங்கும். பிழை நிகழேடு, அணுகல் நிகழேடு, கப்பல் நிகழேடு எல்லாம் இடறாமல் வருகின்றன. வினையாக வேண்டுமானால் 'நிகழேட்டில் பதி'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன், குறுக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

'லாகின்' செய்வதை இதோடு சேர்த்து இழுக்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை இருக்கிறது, மற்ற இடங்களில் உள்நுழை இருக்கிறது. இரண்டும் ஓடட்டும்.

அந்தப் பையனிடம் மறுநாள் "நிகழேட்டைப் பார்" என்றேன். "எந்தக் கோப்புறையில் சார்?" என்று கேட்டான்.