டெடமிலிருந்து பிளாட்ஃபோர்டு வரை: ஸ்டௌர் ஆற்றில் ஒரு படகுப் பயணம்

இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடும் ஸ்டௌர் ஆற்றில், டெடம் என்னும் சிற்றூரில் ஒரு மரப்படகை வாடகைக்கு எடுத்து, பிளாட்ஃபோர்டு வரை நானும் என் மனைவியும் துடுப்பு வலித்துச் சென்றோம். ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ஓவியங்களால் புகழ்பெற்ற இடம் என்பதால், பிளாட்ஃபோர்டுக்குப் பலரும் காரிலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஆற்றின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதகுகள் நீரைத் தேக்கி வைத்திருப்பதால் அந்தப் பகுதியில் நீரோட்டம் இருப்பதே தெரிவதில்லை. படகின் வேகத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வதால், டெடம் தேவாலயத்தின் சதுரக் கோபுரம் புல்வெளிகளுக்கு மேலே வெகுநேரம் என் கண்ணெதிரிலேயே இருந்தது. கரையில் கிளைகள் தறிக்கப்பட்ட வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்ற மாடுகள் எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. சற்று ஓய்வெடுக்கத் துடுப்பை நிறுத்தியபோது, சிறகில் கருநீலப் பட்டை கொண்ட ஊசித்தட்டான் ஒன்று அதன் ஈர நுனியில் வந்தமர்ந்து, சிறகுகளை மெல்ல விரிப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஒரு வளைவில் குஞ்சுகளோடு வந்த அன்ன இணைக்கு வழிவிட்டு, அவை கடந்து செல்லும்வரை நாணல் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

இன்று இத்தனை அமைதியாக இருக்கும் இந்த ஆறு ஒரு காலத்தில் ஓயாத சரக்குப் பாதையாக இருந்தது. படகுப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு இதைச் சீரமைக்க 1705ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கான்ஸ்டபிளின் தந்தை பிளாட்ஃபோர்டு மாவு ஆலையின் உரிமையாளர். அவருடைய சரக்குப் படகுகளைக் கரையோரமாக நடந்த குதிரைகளே கயிறு கட்டி இழுத்தன. மேயும் மாடுகள் எல்லை தாண்டாதிருக்க அந்தப் பாதையின் குறுக்கே தடுப்புகள் இருந்ததால், குதிரைகள் அவற்றைத் தாண்டிக் குதிக்கப் பழக்கப்பட்டிருந்தன. 1825ஆம் ஆண்டு ஓவியர் கான்ஸ்டபிள் தீட்டிய 'தாவும் குதிரை' ஓவியத்தில் இருப்பது அந்தக் காட்சிதான். லண்டனில் அதைப் பார்த்தபோது வெறும் வீரக் காட்சியாகவே எனக்குத் தோன்றியது. நீர்மட்டத்தில் அமர்ந்து அந்தக் கரையை அண்ணாந்து பார்த்தபோதுதான், அது ஒரு வேலைநாளின் சாதாரண நிகழ்ச்சி என்பது உறைத்தது.

பிளாட்ஃபோர்டில் படகைக் கட்டிவிட்டுச் சிறிது தூரம் நடந்தால், 1821ஆம் ஆண்டின் 'வைக்கோல் வண்டி' ஓவியத்தில் வரும் குளம்போன்ற நீர்ப்பரப்பும், அதன் ஓரத்தில் அக்காலத்து விவசாயி வில்லி லாட்டின் வீடும் இன்றும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. திரும்பும்போது மேற்குக் காற்று எதிர்த்து வீசியதால் இருவரும் மாறிமாறித் துடுப்பு வலிக்க வேண்டியிருந்தது. போக விரும்புவோர் காற்றின் திசையைப் பார்த்து, வாடகை நேரத்தில் பெரும்பகுதியைத் திரும்பி வருவதற்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.