வீட்டுக் குழு: ஒகேனக்கல் படங்கள்

நித்யா, காலை 10.12
[3 படங்கள்]
அரூர் மாமா, தொங்கு பாலத்தில் நிற்கிறோம். படத்தில் பாறை நன்றாக வருகிறது, அருவி மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக வருகிறது. கேமராவை ஆட்டோ மோடில்தான் வைத்திருக்கிறேன்.

பென்னாகரம் சித்தி
எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது? சின்னவனைக் கம்பிப் பக்கம் விடாதே.

அரூர் மாமா
கண்ணு, எது கருப்பு, எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். உன் படத்தில் முக்கால்வாசி கருத்த பாறை. இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது, நுரை வெந்து வெறும் வெள்ளையாகிவிட்டது.

அரூர் மாமா
உன்னுடையது கேனான்தானே? டயலை டிவி-க்கு (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடு) திருப்பு. ஷட்டர் 1/800 விநாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100. அப்புறம் பிளஸ் மைனஸ் போட்ட பட்டனில் மைனஸ் 1.

நித்யா, 10.21
[படம்]
அய்யோ, துளி துளியாக நிற்கிறது! ஆனால் பாறை இருண்டுவிட்டதே மாமா.

அரூர் மாமா
இருளட்டும். இருட்டில் இருப்பதை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெந்துபோன வெள்ளையில் தூக்குவதற்கு ஒன்றுமே இருக்காது.

ஓசூர் கார்த்தி
மாமா, ரீல்ஸில் தண்ணீர் பால் மாதிரி வழியுமே, அது எப்படி?

அரூர் மாமா
ஷட்டர் அரை விநாடியாவது திறந்திருக்க வேண்டும். இந்த வெயிலில் எங்கே? ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வைத்தால், ஐஎஸ்ஓ எண் எதுவோ, ஷட்டர் அதில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. அதற்கு மேல் மெதுவாக்க, வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கருத்த கண்ணாடியை லென்ஸ் முன்னால் மாட்ட வேண்டும். அப்போதுதான் அரை விநாடிக்குப் பக்கத்தில் வரும். ட்ரைபாடும் வேண்டும். அதையும் தொங்கு பாலத்தில் வைத்துப் பயனில்லை, நாலு பேர் நடந்தாலே ஆடும்.

நித்யா, 10.34
[படம்]
ஜூம் செய்து நுரையை மட்டும் எடுத்தேன். அதே மைனஸ் 1-தான். அழுக்குத் தண்ணீர் மாதிரி வந்திருக்கிறது.

அரூர் மாமா
இப்போது படம் முழுக்க வெள்ளை. அதையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும், நீ வேறு மைனஸில் விட்டிருக்கிறாய். இதற்குப் பிளஸ் 1. ஃபிரேம் மாறினால் அந்த எண்ணையும் பார்த்துக்கொள். பாறை நிறைந்தால் மைனஸ், நுரை நிறைந்தால் பிளஸ். இது பழகினால் போதும், எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு இப்போது அவசரமில்லை.

பென்னாகரம் சித்தி
என் போனில் பிளஸ் மைனஸ் ஒன்றும் காணோமே அண்ணா?

அரூர் மாமா
திரையில் தண்ணீர் மேல் விரலால் தொடும்மா. பக்கத்தில் சூரியன் மாதிரிக் குறி வரும், அதைக் கீழே இழு. பெரும்பாலான போன்களில் உண்டு.

நித்யா, 10.41
[படம்]
பிளஸ் 1 மாமா. இப்போது?

அரூர் மாமா
வெள்ளை சரி. நுரைக்குள் கோடு தெரிகிறதா என்றுதான் சொல்ல முடியவில்லை, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பு. லென்ஸில் சாரல் பட்டிருக்கிறது, இடது ஓரம் மங்கல். சட்டையால் துடைக்காதே.

நித்யா
துப்பட்டாவால் துடைத்துவிட்டேனே 🙈

அப்பா
பரிசலுக்குக் கூப்பிடுகிறார்கள். கேமராவைப் பையில் போடு, லைஃப் ஜாக்கெட்டைப் போடு.