மறு: ஹார்ட்பீட்: 'நாடி' என்று வைக்கலாமா?

நண்பர்களே,

'ஹார்ட்பீட்', அதாவது இணைப்பின் இரு முனைகளும் தாம் இருப்பதைக் காட்ட அவ்வப்போது அனுப்பும் சைகை, தமிழில் 'இதயத்துடிப்பு' ஆகலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். அகராதிப்படி சரி. ஆனால் 'இதயத்துடிப்புக் காலாவதி', 'தவறிய இதயத்துடிப்பு' என்று நீளும்போது மென்பொருள் கையேடா மருத்துவ அறிக்கையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

இங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போவோம். ராபிட்எம்கியூவில் (நிரல்களுக்கிடையே செய்திகளைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) எதிர்முனையின் சைகைக்குக் காத்திருக்கும் கெடு வழக்கமாக 60 நொடி. அதில் பாதிக்கொரு முறை, அதாவது ஏறக்குறைய 30 நொடிக்கு ஒன்றாக, இரு பக்கமும் ஒரு சின்னச் சட்டகத்தை (ஃபிரேம், ஒரு துண்டுத் தரவு) அனுப்பும். அடுத்தடுத்து இரண்டு வராவிட்டால் எதிர்முனை எட்டவில்லை என்று முடிவுகட்டி இணைப்பை மூடிவிடும். செய்தியோ, அது கிடைத்ததற்கான ஒப்புகையோ வந்தாலும் போதும், அதுவும் கணக்கில் சேரும். ஆக, எதிர்முனையிலிருந்து ஏதாவது அசைவு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தன் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பதல்ல, அடுத்தவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது. அதற்கு நம்மிடம் 'நாடி பார்த்தல்' இருக்கிறதே!

'துடிப்பு' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அதையும் விட வேண்டாம். அனுப்பப்படும் ஒவ்வொரு சட்டகமும் துடிப்பு. அதைக் கவனிக்கும் ஏற்பாடு நாடி. துடிப்பு அனுப்பு, நாடி பார். கெடுவுக்கு 'நாடிக்கெடு'. நாடி ஜோதிடம் நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். சில வட்டாரங்களில் நாடி என்றால் மோவாய் வேறு. சர்வர் பதிவேட்டில் படிக்கிறவர் இரண்டோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

பிழைச்செய்திக்கு 'நாடி விழுந்தது' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். எதிர்முனை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், நடுவில் வலை மட்டும் அறுந்திருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பிரித்தறிய வழியில்லை. 'நாடி கிடைக்கவில்லை, இணைப்பு மூடப்பட்டது' என்பதே நேர்மையான வாக்கியம்.

சும்மா கிடக்கும் இணைப்பு இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்கும் 'கீப்அலைவ்' என்ற ஏற்பாட்டை இதே சொல்லில் அடக்க வேண்டாம் என்பது என் கருத்து. லினக்ஸில் டிசிபியின் (இணையத்தின் அடிப்படை இணைப்பு நெறிமுறை) கீப்அலைவ் வழக்கமாக 2 மணி நேரம் சும்மா கிடந்த பிறகுதான் விசாரிக்கவே ஆரம்பிக்கும். எம்கியூடிடி என்ற செய்தி நெறிமுறையிலோ கிளையன்ட் 'இருக்கிறாயா' என்று ஒரு பிங் கேட்க, நடுவில் செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர் பதில் சொல்கிறது. அது நாடி பார்ப்பதல்ல, வாசலில் நின்று குரல் கொடுப்பது. கீப்அலைவுக்கு 'இருப்புவிசாரிப்பு' என்று ஒன்று தோன்றியது, வாயில் நுழையவில்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?