ஏற்கெனவே எம்.காம். இருக்கிறது, இன்னொரு எம்.காம். போடலாமா?

பனியன்_கணக்கு:
வயது 27. 2021இல் எம்.காம். (சி.ஏ.) முடித்தேன். அந்த சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, பெரியப்பா இன்னும் "ஆடிட்டர் புள்ள" என்றுதான் கூப்பிடுகிறார். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான்கு வருடமாக இருக்கிறேன், சம்பளம் 18,000. மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி கொள்முதல் வரி வரவுப் பட்டியலான 2பி வந்ததும் பர்ச்சேஸ் பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி, இப்படியே ஓடுகிறது. இப்போது தொலைதூரக் கல்வியில் எம்.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் சேரலாமா என்று யோசனை. வீட்டில் "இன்னொரு டிகிரி இருந்தா நல்லதுதானே" என்கிறார்கள். பிரயோஜனம் இருக்குமா?

டேலி_அண்ணன்:
தங்கச்சி, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ஆள் எடுப்பதே என் வேலை. ரெஸ்யூமில் எம்.காம். என்று ஒன்று இருந்தாலும் இரண்டு இருந்தாலும் நான் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கு ஆர்எஃப்டி-01 விண்ணப்பம் போட்டிருக்கிறாயா, அதில் குறை இருக்கிறது என்று டெஃபிஷியன்சி மெமோ வந்தால் என்ன செய்வாய்? போன மாதம் இரண்டு முதுகலை படித்த ஒருவர் வந்தார், எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி) என்றால் என்ன என்று கேட்டதும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல பையன்தான். நான்கு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு முதலில் வேறு கம்பெனிக்கு மாறு, சம்பளம் அதில்தான் ஏறும்.

குரூப்2_பாக்கி:
சும்மா படிக்கவேண்டும் என்றால் படி, யார் தடுத்தது. ஆனால் எத்தனை எம்.காம். போட்டாலும் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, அதற்கு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆகவேண்டும். பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த கட்டமான சி.ஏ. இன்டருக்குப் பதிவு செய்யலாம், ஆறு பேப்பர். அப்புறம் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி, முன்பு மூன்று வருடம், இப்போது இரண்டுதான். சிக்கல் எங்கே என்றால், நீ இதுவரை பார்த்த நான்கு வருட வேலை அதில் சேராது, அந்த இரண்டு வருடமும் சம்பளம் போய் ஸ்டைபண்டு என்று கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். வீட்டில் உன் சம்பளத்தை நம்பி இருந்தால் சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) பார், டிகிரி இருப்பதால் நேராக இன்டர், ஜூன், டிசம்பர் இரண்டு முறை பரீட்சை, வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் நிறைய.

பனியன்_கணக்கு:
பி.காம். 61 சதவீதம். முழுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எம்.காம்.மில் 53.4தான், கடைசி செமஸ்டரில் அப்பாவுக்கு ஆபரேஷன், இரண்டு பேப்பர் சொதப்பிவிட்டது. எனக்குக் காலேஜில் பாடம் எடுக்க ஆசை, ஆனால் நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்கிறார்களே. இரண்டாவது எம்.காம். கேட்டதே மார்க்குக்காகத்தான்.

சாக்பீஸ்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா! நான் காமர்ஸ் துறையில் இருக்கிறேன். 55 என்பது பொதுப்பிரிவுக்கு. ஓ.பி.சி. நான்-க்ரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாதவர்கள்), எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50 போதும், உதவிப் பேராசிரியர் வேலைக்கும் அதே 5 சதவீதத் தளர்வு உண்டு. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சர்டிஃபிகேட் அப்படியே செல்லாது, உங்கள் சமூகம் மத்திய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். நீங்கள் பொதுப்பிரிவு என்றால் மட்டும் இரண்டாவது எம்.காம்.முக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, 55ஐத் தாண்டியே தீருவேன் என்று படிக்கிறதாக இருந்தால். நெட்டில் நெகட்டிவ் மார்க் கிடையாது, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. ஆனால் நெட் முடித்ததும் வேலை காத்திருக்கிறது என்று நினைக்காதீர்கள், எங்கள் காலேஜில் நெட்டோடு பிஎச்.டி.யும் முடித்தவரே உங்களைவிடக் கொஞ்சம்தான் கூட வாங்குகிறார்.

டேலி_அண்ணன்:
அதைத்தான் சொல்ல வந்தேன், சார் சொல்லிவிட்டார்.

பனியன்_கணக்கு:
நாங்கள் பி.சி. மத்திய பட்டியலிலும் எங்கள் பெயர் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். தொலைதூரக் கல்விக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்ட ஜிபே வரை போய்விட்டு நிறுத்தியிருக்கிறேன். 3பி முடிந்ததும் 21ஆம் தேதி லீவு போட்டு ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போகிறேன். சார், நெட்டின் பொதுத்தாளான பேப்பர் ஒன்றுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?