டொரன்டோ போன நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு, வேலை தேடுவது பற்றி

லீவுக்கு மதுரைப் பக்கம் திருமங்கலம் வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து "பையன் டொரன்டோ போய் நாலு மாசம் ஆச்சு, இன்னும் வேலை அமையல, என்னன்னு கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நான் கணக்கு வேலை பார்ப்பவன், இருப்பது டொரன்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணம், அதனால் அங்கே எனக்குத் தெரிந்ததுதான் இது.

முதல் மூன்று மாதம் ராத்திரி பகலாக ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன். ஒரு பதில்கூட வரவில்லை. என் பயோடேட்டா நாலு பக்கம், அதில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா இல்லையா என்பது வரை இருந்தது. கோயிலில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருப்பவர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார். இதெல்லாம் அங்கே யாரும் போடுவதில்லை, இரண்டு பக்கம் போதும். "டேலி சாஃப்ட்வேரில் கணக்குப் பார்த்தேன்" என்று இருந்ததை, எத்தனை கடைகளுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்தேன், எவ்வளவு பாக்கி வசூலானது என்று மாற்றி எழுதச் சொன்னார். பயோடேட்டாவைப் பார்க்கிற கம்பெனிக்காரருக்கு டேலி என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் ஒன்டாரியோவின் விற்பனை வரியான எச்எஸ்டி 13 சதவீதம், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது நம் ஜிஎஸ்டி மாதிரியேதான், அதை நாம்தான் புரியும்படி எழுத வேண்டும். கணக்கு வேலைக்காரர்கள் குவிக்புக்ஸ் என்ற கணக்கு சாஃப்ட்வேரையும் கற்றுக்கொள்ளுங்கள், சின்னக் கம்பெனிகள் நிறைய அதைத்தான் வைத்திருக்கின்றன.

கனடா அரசே நடத்துகிற ஜாப் பேங்க் தளம் இலவசம். உங்கள் வேலைக்கு அந்த வட்டாரத்தில் மணிக்கு என்ன சம்பளம் என்று அதிலேயே இருக்கும். இன்டர்வியூவுக்கு முன் பார்த்துவிட்டுப் போங்கள், "நீங்க பார்த்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனால் நேரத்தில் பாதியை மனிதர்களிடம் பேசச் செலவழியுங்கள். மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் போர்டா மாட்டுகிறார்கள்? தெரிந்தவர் ஒருவர் வந்து "நல்ல பையன்" என்று சொல்ல வேண்டும். அங்கேயும் அது உண்டு, கேட்கிற விதம்தான் வேறு. "ஒரு வேலை வாங்கிக் குடுங்க" என்றால் பாவம் அவர் என்ன செய்வார், சங்கடப்பட்டு ஒதுங்கிவிடுவார். "உங்கள் வேலை எப்படி இருக்கும், 15 நிமிடம் பேசலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் பேசுவார்கள். அந்த அக்காவிடம் நான் ஒருநாளும் வேலை கேட்டதில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் ஆபீசில் இடம் காலியானபோது என் பெயரைச் சொன்னது அவர்தான்.

அதுவரை வேர்ஹவுஸோ கடையோ, கிடைத்ததைச் செய்யுங்கள், பி.காம். படித்துவிட்டு மூட்டை தூக்குவதா என்று வீட்டில் உட்கார வேண்டாம். 2025 அக்டோபரிலிருந்து ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். அதற்குக் கீழே, கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். சம்பளத்தை நிறுத்தினால் கேட்கக் கையில் ஒரு சீட்டும் இருக்காது.

பணம் கொடுத்து வேலை வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கிளம்பும் முன் "வேலை உறுதி" என்ற ஒரு கன்சல்டன்சியில், அம்மா சங்கிலியை அடகு வைத்து 80,000 ரூபாய் கட்டினேன், விமானம் ஏறியதும் அவர்கள் போனை எடுக்கவில்லை. ஒன்டாரியோவில் ஏஜென்சிகள் வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதே சட்டப்படி குற்றம். இந்தியாவிலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி, அவ்வளவுதான். பதிவு இருக்கிறதா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அப்புறம், கனடா அரசு வேலைக்காகத் தரும் அடையாள எண்ணான சின் நம்பரை வேலை உறுதியான பிறகுதான் கொடுக்க வேண்டும்.

இன்னும் கிளம்பாதவர்களே, காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் இந்த வாரமே பல்கலை நகர் போய் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (எல்லாப் பாட மதிப்பெண்களும் உள்ள பதிவுக்கு) விண்ணப்பித்துவிடுங்கள். நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று மதிப்பிடும் நிறுவனத்துக்கு அது பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். நான் செய்யாமல் கிளம்பிவிட்டேன், முழங்கால் வலியோடு அப்பா பஸ் ஏறிப் போனார்.