'டேபிள்ட்': முன்வைத்தார்களா, தள்ளிவைத்தார்களா?

வணக்கம். ரொறன்ரோவில் எங்கள் கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) நிர்வாகக் கூட்டக் குறிப்பை, ஆங்கிலம் வாசிக்காத பெரியவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன்: "தி மோஷன் டு ரிப்ளேஸ் தி பொய்லர் வாஸ் டேபிள்ட்." அதாவது, கொதிகலனை மாற்றும் தீர்மானம் 'டேபிள்ட்' (tabled) செய்யப்பட்டது.

பிரிட்டனிலும் இந்தியாவிலும் இந்தச் சொல்லின் பொருள் தீர்மானத்தை அவையில் முன்வைத்தல். அமெரிக்காவில் நேரெதிர், தள்ளிவைத்தல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லுக்காக நெடுநேரம் வாதாடியதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். கனடாவில்தான் பெரிய குழப்பம்: நாடாளுமன்றத்தில் முன்வைத்தல், வெளிக் கூட்டங்களில் தள்ளிவைத்தல் என்று இரண்டும் புழங்குகின்றன.

அகராதி பார்த்தேன், இரண்டு பொருளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலி 'மேசையில் வைக்கப்பட்டது' என்கிறது. குறிப்பெடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றக் கூட்டக் குறிப்புகளில் இந்தச் சொல்லே இல்லை.

அந்த வரிக்கு முன்னால் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். பின்னால் வாக்கு, 4-க்கு 1. அடுத்தது வாகனத் தரிப்பிடம் பற்றிய பேச்சு. கூட்டம் நடந்தது ஜனவரியில். கொதிகலன் செலவு எல்லா வீட்டுக்கும் பிரிந்து வரும், ஆகவே பிழையாக எழுதி அவர்களைக் கலங்கவைக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

கனடியக் கூட்டங்களில் பழகியவர்களே, வழிமொழிந்து வாக்கெடுத்த பிறகு 'டேபிள்ட்' என்று வந்தால் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதலாமா?